வரலாற்றில் அச்சான கடிதம்

திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய விஸ்கி ஆலையில் என் நைனா பீப்பாய்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். ஒரு பீப்பாயை மட்டும் பல வருஷம் அவர் திறக்க விடவில்லை. அதில் ஊறிய சரக்குதான் ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தப் பெருமையை மேலாளர் தனதாக்கிக்கொண்டார். நைனா அதைத் தட்டிக் கேட்டதும், திருடிக் குடித்ததாக எழுதி வேலையிலிருந்து நீக்கினார். நைனா ஒரு சொட்டுகூடக் குடித்தவரல்ல.

இப்போது அதே ஆலை அலுவலகத்தில் இருக்கும் என்னிடம் ஆலையின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். பழைய கோப்பில் மேலாளரின் கடிதம் கிடைத்தது. 'பீப்பாயை உடனே திறந்து விற்கவும்' என்று அதில் இருந்தது. கீழே, 'இன்னும் ஊறணும்' என்று நைனாவின் கையெழுத்து. இரண்டையும் அப்படியே அச்சிட்டேன்.

புத்தக வெளியீட்டு விழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு வந்த அந்தப் பழைய மேலாளர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யாரும்மா நீ?"

"திருடன்னு எழுதி அனுப்பிச்சீங்களே, அவரு பொண்ணுங்க."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

நைனாவிடம் சொன்னேன். "வயசாயிடுச்சும்மா அவருக்கு, வுட்ரு" என்றார்.

நான் விடவில்லை. மறுநாளே மேலாளர் வீட்டுக்கு அந்தப் புத்தகத்தின் இன்னும் நான்கு பிரதிகளைத் தபாலில் அனுப்பினேன்.