சப்ளை படிக்கிற பிள்ளையைப் பார்க்க சிவகாசி போன கதை

சிவகாசிக்கு ஊரெல்லாம் பட்டாசு வாங்கப் போகிறது. போன ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் சண்டை போடப் போனேன். என் கட்டுரைகளை வழக்கமாகப் படிக்கிறவர்கள் அருவி, அணை, கோயில் என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். பிள்ளையைத் தொழில் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, நேரில் போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போய்ப் பாருங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பாக்கியம் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பெட்டி அடுக்குகிறாள். அவள் மகள் முத்துமாரி மதுரையில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ., சப்ளை செயின் மேனேஜ்மெண்ட் படிக்கிறாள். ஒரு பொருளை எவ்வளவு செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும், எந்த வழியாகக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று திட்டம் போடுகிற படிப்பு. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் முப்பது நாள் ஒரு கம்பெனியில் பயிற்சி. என்ன வேலை கற்றாள் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் உட்கார முடியாது. அக்காவின் ஆலையை நடத்துகிற பட்டாசுக் கம்பெனியின் சிவகாசி விற்பனை அலுவலகத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. இருபத்தெட்டாம் நாள் போன் செய்தாள்.

"மாமா, கடிதம் தர இழுத்தடிக்காக. அம்மாவுக்கு லீவு கெடைக்காது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போறீகளா" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் கூப்பிடுகிறாள் என்றால் வேறு வழியில்லை என்று அர்த்தம்.

திண்டுக்கல்லில் காலை 6.40க்குப் பேருந்து. மதுரை ஆரப்பாளையம் 8.10, கட்டணம் 52 ரூபாய். தெற்கே போகிற வண்டிகள் மாட்டுத்தாவணியில் நிற்கும் என்பதால் டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம் இடிபட வேண்டும். ரயிலில் போனால் இந்த அலைச்சல் இல்லை, நான்தான் புத்தி கெட்டுப் பேருந்தில் போனேன். 9.05க்குக் கிளம்பி 10.15க்கு விருதுநகர், ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய். நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி 85 ரூபாய். விருதுநகர் போய்விட்டு எண்ணெய்ப் பரோட்டாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்று கோபிக்காதீர்கள். அது சாயங்காலச் சரக்கு, அதோடு அன்று எனக்கு வயிறே எரிந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி இருபத்தாறு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், 28 ரூபாய். இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். வழி நெடுக 'தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி' என்று பட்டாசுக் கடைப் பலகைகள். தொண்ணூறைத் தள்ளிவிட்டு மிச்சம் பத்தில் எவன் வெடி செய்து, கூலி கொடுத்து, லாபமும் பார்ப்பான்? கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், நாமும் கூசாமல் படித்துக்கொண்டே போகிறோம்.

சிவகாசி நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"யாரைப் பாக்க, அண்ணாச்சி?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அக்கா மக. பயிற்சிக்கு வந்திருக்கு. சப்ளை செயின் படிக்குது."

"சப்ளைக்குமா காலேசு வச்சிட்டாக? என் மச்சினன் படிக்காமலே போறான். முகூர்த்தச் சீசன்ல ஒரு பந்திக்கு ஐநூறு ரூவா."

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் சப்ளை என்றால் பந்தியில் பரிமாறுவது, சப்ளையர் என்றால் ஓட்டலில் மேசைக்கு மேசை ஓடுகிறவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மூன்று கிலோமீட்டரும் அவருக்கு வகுப்பு எடுத்தேன். கடைசியில் "அப்ப இது வேற சப்ளை" என்றார். ஆமாம், வேற சப்ளை என்று சொல்லிவிட்டு மிடுக்காக இறங்கினேன்.

அன்று அந்தக் கம்பெனியில் டீலர்கள் கூட்டம். தீபாவளிக்கு ஆர்டர் எழுத வெளியூர் வியாபாரிகள் வந்திருந்தார்கள். காலையில் ஆர்டர், மதியம் விருந்து. மாடிக் கூடத்தில் இலை போட்டிருந்தது. இரண்டாவது வரிசையில், கையில் சாம்பார் வாளியோடு குனிந்து நின்றாள் முத்துமாரி. கல்லூரி அடையாள அட்டை சாம்பாரில் தோயாமல் இருக்க அதை முதுகுப் பக்கம் தள்ளி விட்டிருந்தாள்.

மேனேஜர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "வாங்க, வாங்க, பந்தி முடியவும் பேசுவோம். சப்ளை படிக்கிற புள்ளதான? பிராக்டிகலும் ஆச்சு, நமக்கும் ஆள் மிச்சம்" என்றார். பக்கத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"இதுக்காய்யா புள்ளைய அனுப்புனோம்? ஆத்தா பட்டாசு ஆபீஸ்ல கெடந்து வேகுறா, மக இங்கன வந்து வாளி தூக்கணுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் இலைமுன் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஆலையை ஆபீஸ் என்றுதான் இந்தப் பக்கம் சொல்வோம், அதிலாவது ஒரு கௌரவம் இருக்கட்டும் என்று.

முத்துமாரி வாளியோடு கிட்டே வந்தாள். "மாமா, கத்தாதீக. இலையில உக்காருங்க. இன்னும் ரெண்டு வரிசை கெடக்கு, அது எனக்கு வேணும்" என்று மெதுவாகச் சொன்னாள். எதற்கு வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து இலையில் வேலூர்க்காரர், அதற்கடுத்து கும்பகோணத்துக்காரர். "எவ்ளோ எழுதினீங்க?" என்று வேலூர்க்காரர் கேட்டார். "நூத்தைம்பது கேஸ். எனக்கு வேண்டியது தொண்ணூறுதான். நூத்தைம்பது கேட்டாத்தானே தொண்ணூறாவது அனுப்புவாங்க" என்றார் கும்பகோணத்துக்காரர். கேஸ் என்றால் பட்டாசு அடுக்கிய பெரிய அட்டைப்பெட்டி. "நானும் அப்படித்தான். மிஞ்சினா வேணாம்னு சொல்லிடலாம்" என்று வேலூர்க்காரர் சிரித்தார். முத்துமாரி ரசம் ஊற்றினாள். தேவைக்கு மேல் கொஞ்சம் நின்று ஊற்றினாள்.

பந்தி முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு தாளைக் காட்டினாள். யார் பெயரும் இல்லை. இடப்பக்கம் எழுதிய ஆர்டர், வலப்பக்கம் உண்மையில் வேண்டியது. சாப்பிட்டவர்கள் இருபத்திரண்டு பேர், வாய்விட்டுச் சொன்னவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் கூட்டித்தான் எழுதியிருந்தார்கள்.

"இருபத்தெட்டு நாளா ஆர்டர் புக்கக் கேட்டேன் மாமா, காட்டல. டீ வாங்க விட்டாக, லேபிள் ஒட்ட விட்டாக. இன்னைக்கு வாளி. சரி, இலைக்கு முன்னாடி யாரும் பொய் சொல்ல மாட்டாகன்னு நின்னு கேட்டேன். நூத்தைம்பதையும் நெசம்னு நம்பித்தான் கம்பெனி சரக்குப் போடுது. புரட்டாசியில அம்மாவ ஞாயித்துக்கெழமையும் வரச் சொல்லுறது இதுக்குத்தான். சீக்கிரம், சீக்கிரம்னு வெரட்டுறாக. அவசரத்துலதான மாமா வெடிக்குது."

யாருக்கும் வேண்டாத அறுபது பெட்டிக்காக என் அக்கா ஞாயிற்றுக்கிழமை மருந்து வாடையில் கிடக்கிறாள். அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க இந்தப் பிள்ளை ரசம் ஊற்ற வேண்டியிருந்தது.

மேனேஜர் கொடுத்த கடிதத்தில் 'விருந்தினர் உபசரிப்பில் சிறப்பாக உதவினார்' என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முத்துமாரி பேசினாள். "இத வச்சு மூணாம் வருசத்துக்குள்ள விட மாட்டாக சார்." தாளை மேசையில் வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார், பாதியில் சிரிப்பு நின்றது.

"இத எங்கன எடுத்த?"

"நீங்க ஆர்டர் புக்கக் காட்டல. வாளியக் குடுத்தீக. அங்கன நின்னு எடுத்தேன்."

"இத இங்கனயே வச்சிட்டுப் போ."

"கடிதத்த மாத்திக் குடுங்க சார், நகல் தாரேன்."

அரை மணி நேரம் கழித்து 'ஆர்டர் திட்டமிடலில் பயிற்சி பெற்றார்' என்று கையெழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் வந்தது.

4.20க்கு விருதுநகர் பேருந்து. எனக்கு ஆறவே இல்லை. ஆமத்தூர் வரைக்கும் அந்த மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சப்ளை படிக்கிற பிள்ளையாம், பிராக்டிகலாம், என்ன நாக்கு அது என்று பொரிந்தேன். முத்துமாரி கடிதத்தை மடியில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேச்ச அவரு கண்டுபிடிக்கல மாமா" என்றாள். "நான் காலேஜுல சேந்த வருசம், தங்கச்சி சடங்கு வீட்டுல, அம்புட்டுப் பேருக்கு முன்னால மொதல்ல சொன்னது நீங்க. சப்ளையர் ஆகுறதுக்கு மூணு வருசப் படிப்பான்னு கேட்டுட்டு எங்கையில வாளியக் குடுத்தீக. எல்லாரும் சிரிச்சாக."

எனக்கு நினைவு வந்தது. பாயசம். நன்றாகச் சிரித்தார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாய் புதன் போங்கள், முதலாளிகளைப் பார்க்கலாம். ஆலைக்குள் போவதாக இருந்தால் போன், தீப்பெட்டி எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பயிற்சி தொடங்கும் முன்பே என்ன வேலை, என்ன ஏட்டைக் காட்டுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். பத்தாம் நாளில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், என்னைப் போல் இருபத்தொன்பதாம் நாளில் போய்க் குதிக்காதீர்கள். முத்துமாரி இப்போது மூன்றாம் ஆண்டு. அந்தத் தாளை மேனேஜர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் அக்காவை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக மாமன்மார், சித்தப்பன்மாருக்கு. வீட்டில் ஒரு பிள்ளை இந்தப் படிப்பைச் சொன்னால், அது என்ன படிப்பு என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையில் வாளியைக் கொடுக்காதீர்கள்.