கோட்டுக்கு அந்தப் பக்கம்

கணினிக்காரர் கத்திரி வெட்டித் திருத்திய நிரல் பேக்கேஜ்கள் மொத்தம் நானூறு. நானூறு என்பது கொஞ்சம் ஊதிப் பெருக்கிய எண்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மனிதர் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கதையை அவர் எண்ணிலேயே தொடங்குவதுதான் மரியாதை.

பொது நூலகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். வாசிப்புக் கூடத்துச் சுவரோரம் பதினொரு கிழட்டுப் பெட்டிகள். அவற்றுக்கென்றே லினக்ஸ் என்ற இயங்குதளத்தைச் சின்னதாகத் தொகுத்து வைத்திருந்தார். கணினியைப் போட்டதும் முதலில் கண் விழித்து மற்ற நிரல்களைத் தட்டி எழுப்புவதற்கு ஒன்று உண்டு, இனிட் என்பார்கள். ஊரெல்லாம் பெரிய இனிட் ஒன்றை வைத்திருந்தது. கத்திரி அதற்கு வைத்த பெயர் சம்பந்தி. ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் கூட்டத்தோடு வந்து இறங்கிச் சமையலறை வரை அதிகாரம் பண்ணுமாம். கிழட்டுப் பெட்டிகள் அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் அவர் தொகுப்பில் எழுப்பும் வேலை சின்ன இனிட்டுக்கு.

வந்து சேரும் ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கு இன்னின்னது வேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டும். அதில் சம்பந்தியின் பெயர் இருந்தால் கத்திரி வெட்டுவார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

அன்று மூன்று மணிக்கு மேலதிகாரி வருவதாக இருந்தது. பெட்டிகள் ஓடினால் கூடத்திலேயே இருக்கும். ஓடாவிட்டால் அவை பழைய இரும்புக் கடைக்கு, கத்திரி நாற்காலி எண்ணும் கிடங்குக்கு.

காலையில் ஒரு கடிகார நிரலின் புதிய பதிப்பு வந்தது. அதன் பட்டியலில் சம்பந்தி.

“மணி காட்டுறதுக்குச் சம்பந்தி எதுக்கு? முள்ளைப் பிடிச்சுத் தள்ளவா?” என்று கத்தினார்.

புத்தகம் வழங்கும் மேசையில் இருந்தவள் அவர் மச்சினி. “மெதுவா அத்தான். படிக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். அப்பவாவது அறிவு வரும்.”

ஒவ்வொன்றாக வெட்டுவதில் அலுத்துப்போய், எங்கெல்லாம் சம்பந்தி பெயர் வருகிறதோ அந்த வரியையே தூக்கும்படி ஒரே கட்டளை எழுதினார். எந்தப் பேக்கேஜும் தனக்கு வேண்டும் என்று கேட்காததைக் குப்பையில் போடும் இன்னொரு கட்டளையையும் ஓட்டினார். மார்பை நிமிர்த்திக்கொண்டு மாற்றத்தைப் பதினொன்றிலும் ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டார்.

ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

கத்திரி மின்சாரத்தைத் திட்டினார், பெட்டிகளைத் திட்டினார், கடிகாரம் எழுதியவனின் பரம்பரையைத் திட்டினார். திட்டு வாங்காமல் தப்பியவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். அது அவரே.

மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். “வெட்டினதைக் காட்டுங்க.”

“உனக்கு என்ன புரியும்?”

“புத்தகப் பட்டியல்ல உங்க எழுத்துப்பிழை அத்தனையும் திருத்துறது நான்தானே? காட்டுங்க.”

வெட்டுப்பட்ட வரிகள் திரையில் வந்தன. அவள் ஒன்றில் விரலை வைத்தாள். சம்பந்தி, அதன் பிறகு செங்குத்தாக ஒரு கோடு, அதற்கு அந்தப் பக்கம் சின்ன இனிட்.

“நடுவுல நிக்கிற இந்தக் கோடு என்ன?”

“அல்லதுன்னு அர்த்தம்.”

“அப்போ, பெரியது இல்லாட்டி சின்னது போதும்னுதானே இது கேக்குது?”

கத்திரி குனிந்து அந்த வரியை முதன்முறையாகக் கடைசிவரை படித்தார்.

“சம்பந்தி பேரைப் பாத்ததும் நீங்க மிச்சத்தைப் படிக்கல. வரியே போயிடுச்சு. சின்னதை யாரும் கேக்கலன்னு குப்பைக்கட்டளை அதையும் கொட்டிடுச்சு. எழுப்புறதையே தூக்கிப் போட்டுட்டு எழுந்திருக்கலன்னு கத்துறீங்க.”

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததை அவள் ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டாள். கத்திரி பென்டிரைவோடு பெட்டிக்குப் பெட்டி குனிந்து சின்ன இனிட்டைத் திரும்பக் குடியேற்றினார். பதினொன்றாவது பெட்டி கண் விழித்தபோது மேலதிகாரி படியேறிக்கொண்டிருந்தார்.

அவர் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார். தலையசைத்தார். “ஓடுதே! இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்.”

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கத்திரி தொண்டையைச் செருமினார். “சும்மா ஓடுமா சார்? நானூறு பேக்கேஜ் வெட்டியிருக்கேன்.”

மேசையிலிருந்து நிமிராமலே மச்சினி சொன்னாள்: “முப்பத்தாறு, சார். அதுல ஒன்பது இன்னைக்குத் திரும்ப ஒட்டினது.”