புலியை ஹுலி என்று படித்தவள்

ஓசூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எங்கள் இரண்டு வகுப்புகளும் ஒரே கூடத்தில்தான் நடந்தன. நான் என் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே குரலில் பாடம் சொல்லிக்கொண்டிருப்பேன். பக்கத்து வகுப்பு டீச்சரோ, காற்று இலை இலையாகத் தொட்டுப் போவதுபோல, ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து எழுந்து போவார்.

ஒருநாள் கம்பெனிச் சீருடையோடு ஓர் அப்பா அந்த டீச்சரிடம் வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள்.

“இவளுக்குத் தமிழ் ஏறல டீச்சர். பார்டர் தாண்டி ஆனேக்கல்ல அவ அத்தை வீட்டுல விட்டு, கன்னட ஸ்கூல்லயே சேத்துடறேன்.”

மகள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அவளருகே உட்கார்ந்து, படமில்லாத அட்டை ஒன்றைக் காட்டினார். அதில் ‘பால்’ என்று எழுதியிருந்தது.

“ஹாலு” என்றாள்.

அடுத்த அட்டையில் ‘புலி’.

“ஹுலி.”

பிள்ளைகள் சிரித்தார்கள். “பாத்தீங்களா, தப்புத்தப்பாப் படிக்கறா” என்றார் அப்பா.

“ஏங்க, தமிழ் எழுத்தப் படிக்காம அதுக்குக் கன்னடம் எப்படிச் சொல்லுவா? படிச்சுப் புரிஞ்சுதான் உங்க வீட்டு பாஷைக்கு மாத்தறா. உங்க பொண்ணு ரெண்டு வேல பாக்கறா. நீங்க ஒண்ணுக்குக்கூட கூலி தர மாட்டேங்கறீங்க.”

பிறகு அவளுக்கென்று மட்டும் ஒரு விளையாட்டு வைத்தார்: வீட்டுக்கு ‘ஹ’, பள்ளிக்கு ‘ப’. ஹாலு, பால். ஹுலி, புலி. நான் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவே நடந்தும், இந்தக் கதவு எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

அப்பா, சாயங்காலம் அம்மா வந்து கூட்டிப்போவாள் என்று மகளிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பினார்.