நல்லாகீதுன்னு சொல்லாதே

செய்தி வந்தபோது பேருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தது. மெர்சியின் அம்மாதான் போனில் பேசினார். "மெர்சி போய்ட்டாம்மா." பிறகு, வரும் வழியில் பால் வாங்கி வரச் சொன்னார். வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டுமாம்.

தெருமுனையில் அதற்குள் சுவரொட்டி. அவள் படத்துக்குக் கீழே 'நல்ல உள்ளம்' என்று போட்டிருந்தார்கள். மெர்சி பார்த்திருந்தால் கிழித்திருப்பாள். ஏன் என்று அவளோடு பழகியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

காசிமேட்டுப் பெண். பள்ளியில் என் பெஞ்சு. நான் பல்கலைக்கழகம் போனேன். அவள் கேட்டரிங் படித்துவிட்டு, ஐரோப்பியத் துறைமுகங்களைச் சுற்றும் உல்லாசக் கப்பலில் ஒயின் பரிமாறப் போனாள். விருந்தினர் எந்த ஒயினைக் கேட்டாலும் 'அருமையான தேர்வு' என்று சொல்ல வேண்டும். அதுவும் வேலையில் சேர்த்தி.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு புட்டி கொண்டுவருவாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடி. எவர்சில்வர் டம்ளர். அவள், நான், மீன் விற்றுவிட்டு வந்த அவள் அம்மா. விதி ஒன்றுதான்: நல்லாயிருக்கு என்று சொல்லக் கூடாது.

"கப்பல்ல பூரா அத்தயேதான் சொல்லிகினு கீறேன். இங்கயாவது நாக்குல இன்னா கீதோ அத்த சொல்லு."

ஒருமுறை ஜெர்மன் ரீஸ்லிங். பல வருடம் முதிர்ந்த வெள்ளை ஒயின். எலுமிச்சைத் தோல், தேன் என்று நான் தொடங்கினேன். அம்மா முகர்ந்து பார்த்து டம்ளரைத் தள்ளிவைத்தார். "இன்னாடி இது, மணலிக் காத்து அடிக்கிது."

மெர்சி சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்தாள். அந்த ஒயின் முதிர்ந்தால் பெட்ரோல் வாசம் வருமாம். அதற்காகவே கேட்டு வாங்குகிறவர்கள் உண்டாம். மணலி எண்ணெய் ஆலையிலிருந்து நமக்குச் சும்மாவே வருகிறதே என்றார் அம்மா.

ஸ்பெயினின் கடலோர ஷெர்ரி: கருவாடு காயும் மணலில் நின்று உதட்டை நக்கியது போல. கிரேக்கத்தின் ரெட்சினா: பிசின் போட்டது, சாம்பிராணிப் புகை காட்டிய ஈரத் தலைமுடி. பிரான்ஸின் போர்டோ சிவப்பு: கொட்டைப்பாக்கின் துவர்ப்பு, பின்னாலேயே நாவல்பழம். போர்ச்சுகலின் இளம் வெள்ளை: உப்பு தொட்ட மாங்காய். அம்மா மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தது அது ஒன்றைத்தான்.

விழுங்கிய பிறகு மெர்சி கேட்பாள்: "கடைசில இன்னா நிக்கிது?" எதுவும் நிற்காத ஒயினை அவள் மதித்ததில்லை.

ஒரு பர்கண்டியை, விலை உசந்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயினை, மட்டும் திறக்கவில்லை. கப்பலை விட்டு ஒரேயடியாக வந்த பிறகு என்றாள். எந்த ஒயினை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று கப்பலில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அதைப் பரணில் வைத்தாள். எங்கள் வீடுகளில் உசத்தியான பொருளுக்கு இடம் பரண்தான். பித்தளை அண்டா, கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பர்கண்டி. மேலே வெயில் இறங்கும் மொட்டை மாடித் தளம்.

ஒரேயடியாக வந்தாள். தொண்டையில் புற்று. கதிர்வீச்சில் நாக்கின் ருசி போனது, பிறகு வாசனையும். கடைசியில் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பியது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார்கள். அம்மா அதை அவளிடம் சொல்லவில்லை. யாரையும் சொல்ல விடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்லாயிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மாலை பர்கண்டியை இறக்கச் சொன்னாள்.

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ குடிச்சிச் சொல்லு."

இரண்டு கோடை அந்தப் பரணில் இருந்த ஒயின். நிறமே பழுப்பு. குடித்தேன். அவள் தலைமாட்டில் நின்ற அம்மா, கண்ணால் என்னைக் கெஞ்சினார்.

"கெட்டுப்போச்சுடி" என்றேன். "ஊசின புளித்தண்ணி. வெந்த திராட்சை. அடியில துருப்பிடிச்ச ஆணி."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கடைசில இன்னா நிக்கிது?"

இன்னொரு வாய் குடித்தேன். காத்திருந்தேன். "ரோஜா. மாலையில காஞ்சுபோன ரோஜா. ரொம்பக் கொஞ்சம்."

அது உண்மை.

மெர்சி அம்மாவைப் பார்த்தாள். "நீயும் குடிம்மா. குடிச்சிட்டு, ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்கன்னும் சொல்லு."

அம்மா டம்ளரை வாங்கினார். குடித்தார். முகம் சுளித்தார். புளித்துத்தான் போய்விட்டது என்றார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணும் பண்றதுக்கில்லன்னுட்டாங்கடி கண்ணு."

அந்த வீட்டில் அதுவரை அவள் முன்னால் யாரும் அழுததில்லை. மெர்சி அம்மாவின் கையை இழுத்துத் தன் கழுத்தில், கதிர்வீச்சில் கறுத்த தோலின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இத்தினி நாளும் கப்பல்லயே இருந்தா மாரி இருந்துச்சும்மா."

மிச்சமிருந்த நாட்களில் அவர்கள் இருவரும் எல்லாம் பேசினார்கள். எந்தச் சேலை கட்டுவது என்பது வரை. பெட்டியில் அவள் அந்தச் சேலையில்தான் இருந்தாள்.

எனக்கு அவளிடமிருந்து மிஞ்சியது அந்த ஒரு விதி. எதையும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு நகர முடிவதில்லை. அவளையும்கூட.

முதலில் உப்பு. பிறகு கொட்டைப்பாக்குத் துவர்ப்பு. எடுத்த எடுப்பில் யாருக்கும் பிடிக்காது. நடுவில் எங்கோ மணலிக் காற்று, அதோடு ஒரு சிரிப்பு.

கடைசில இன்னா நிக்கிது என்று கேட்பாள்.

தெரியவில்லை, மெர்சி. இன்னும் விழுங்க முடியவில்லை.