மூன்றாவது பாட்டில் ஒரு பெண் குரல்

பதினாறு வயதில் ஓர் ஆங்கில ராக் ஆல்பம்தான் எனக்கு உயிர். லுணுகலையில் என்னோடு படித்த செல்வம், ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து, அந்தக் கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டான். மூன்றாவது பாட்டில் கிட்டார் ஓயும் இடத்தில் ஒரு பெண் குரல் இருமுறை இழுத்து முனகும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. வகுப்பில் அதை அப்படியே முனகிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். செல்வம் எழுந்து போய்விடுவான். பொறாமை என்று நினைத்தேன்.

இருபது வருடம் கழித்து, போன மாதம், பதுளை பஸ்ஸில் அதே ஆல்பத்தைப் போனில் கேட்டேன். கிட்டார் ஓய்ந்தது. குரல் வரவில்லை. மூன்று முறை போட்டும் வரவில்லை.

இப்போது வெலிமடையில் இருக்கும் செல்வத்துக்குப் போன் செய்து கேட்டேன்.

"அது எங்கம்மாடா. காய்ச்சல்ல உள்ள படுத்திருந்தாங்க, தண்ணி கேட்டாங்க. எந்திரிச்சா சத்தம் பதிஞ்சிரும்னு, பாட்டு முடியட்டும்னு உக்காந்திருந்தேன். போய்ப் பாத்தப்ப உசுரு இல்ல."

"அத ஏன்டா எனக்குக் குடுத்த?"

"வீட்டுல வச்சிக்க முடியல. அழிக்கவும் மனசு வரலடா."

அவன் அம்மா இறந்தது அன்றே எனக்குத் தெரியும். ஆனால் ஏன் எழுந்து போகிறாய் என்று அவனிடம் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.