இரண்டு தட்டுகளுக்கு நடுவே பிரியதர்சினி

பிரியதர்சினி யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்தவள். இப்போது நாற்பத்துமூன்று. வீடு பாரிசின் வடக்குப் புறநகரான வில்லியே லே பெல்லில், அடுக்குமாடியின் நான்காம் தளத்தில். கிழமை நாட்களில் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பஜோல் தெருவில் ஒரு சலவைக் கடையில் சேலைகளுக்கும் கோட்டுகளுக்கும் ஆவி கொடுத்துச் சுருக்கம் எடுப்பாள். சனிக்கிழமைகளில் கணவன் யூலியனோடு புறநகர் மண்டபங்களுக்குப் பாட்டுப் போடப் போவாள். போடுவது யூலியன். வயர் சுற்றுவது அவள். பல வருடங்களாக அப்படித்தான்.

மேல்மாடியில் மெலானி இருந்தாள். குவாதலூப் தீவுக் குடும்பம். பேருந்து ஓட்டும் வேலை. அவளுடைய தகப்பன் இறந்த வசந்தத்தில், அவருடைய அறையை ஒழித்துப் பெட்டி பெட்டியாகக் கீழே இறக்கினாள். லிஃப்ட் பழுது. கை கொடுக்கப் போன பிரியதர்சினி பெட்டிகளுக்குள் இசைத்தட்டுகளைக் கண்டாள். எந்தத் தட்டை எடுத்தாலும் அதே தட்டு இன்னொன்று பின்னால் இருந்தது.

"ஏன் எல்லாவற்றிலும் இரண்டு?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மெலானி படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா ஆடுகிறவர்களுக்காக வாங்கினார்" என்றாள்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். நியூயோர்க்கின் பிரோங்ஸில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றாம் ஆண்டுக் கோடையில், பள்ளிக்கூடத்துக்குப் புது உடுப்பு வாங்க ஒரு பெண் தன் குடியிருப்பின் பொது அறையில் விருந்து வைத்தாள். பாட்டுப் போட்டது ஜமெய்க்காவில் பிறந்த அவளுடைய அண்ணன். பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் தனியே ஒலிக்கும் சின்ன இடத்துக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை அவன் கவனித்திருந்தான். அந்த இடம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு ஒரே தட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் மேளம் முடியும்போது மற்றதில் அதே மேளத்தைத் தொடங்கினான். மேளம் முடியாமல் நீண்டது. அதற்குள் ஆட்டக்காரர்கள் தரையில் சுழன்றார்கள், மைக் பிடித்தவர்கள் எதுகையோடு பேசினார்கள். தங்கள் பெயரைச் சுவரில் வண்ணத்தில் எழுதித் திரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள்.

"இங்கே பாரிசிலும் அது நடந்தது. எண்பதுகளில், லா சப்பலில் ஒரு வெறும் காணியில். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் போவார்" என்றாள் மெலானி.

அன்று தகப்பனின் அறையில் மெலானி தட்டுச் சுழற்றும் பழைய சுழல்மேடைகள் இரண்டையும் இணைத்து முள்ளை வைத்தாள். குரல் மறைந்தது. மேளம் மட்டும். அது தீருமுன் மற்றத் தட்டிலிருந்து அதே மேளம். யன்னல் திரை மெல்ல ஊதி அடங்கியது. நேரம் எங்கேயும் போகாமல் அறைக்குள்ளேயே மிதந்துகொண்டிருப்பதுபோல் பிரியதர்சினிக்கு இருந்தது. வெளியே மழை தொடங்கியதையும் விட்டதையும் அவள் கவனிக்கவில்லை.

"எல்லாவற்றையும் கொண்டுபோ. குப்பைக்குத்தான் போக இருந்தது" என்றாள் மெலானி.

அந்த வருடக் குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றி ஓட்டப் பழகினாள். கடையில் ஆவி சீறும் சத்தத்துக்கும் விரல் தாளம் போட்டது. ஒரு ஞானஸ்நான விருந்தில் துணிந்து அதைச் செய்துபார்த்தாள். முள் வழுக்கிக் கிறீச்சிட்டது. சனம் சிரிக்க, யூலியன் பாய்ந்து ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னான்: "சனம் பாட்டுக் கேக்க வருது பிரியா. நீர் மேளத்தையே பிடிச்சு வைச்சிருக்கிறீர்."

"மேளம் வரேக்கைதான் அவையின்ரை கால் அசைஞ்சது. நான் பாத்தனான்."

அவள் விடவில்லை. லா சப்பலில் பாட்டுக்கடை வைத்திருந்த தவரத்தினத்திடம் போய், மேளம் தனியே வருகிற பழைய தட்டு ஏதும் உண்டா என்று கேட்டாள். அவர் நிலவறையிலிருந்து தூசியோடு ஒரு கட்டைத் தூக்கி வந்தார். எழுபதுகளில் கொழும்பில் பதிந்த தமிழ்ப் பொப்பிசை.

"உந்தப் பாட்டுகளை இப்ப ஆர் கேக்கினம் தங்கச்சி? ஒண்டும் விக்கேல்லை. ஒரே தட்டுத்தான் கட்டு முழுக்க."

"எனக்கு ரெண்டு தாங்கோ அண்ணை."

"ஒரே தட்டிலை ரெண்டோ?"

"ஓம்."

தட்டின் இரண்டாம் பக்கத்தில், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில், பொங்கோ மேளம் மட்டும் துள்ளி வந்தது. பிரோங்ஸில் அந்தப் பொது அறை அதிர்ந்த அதே வருடங்களில், கடல்களுக்கு அப்பால் கொழும்பில் யாரோ தட்டிய மேளம். அவள் அதை மாதக்கணக்காகக் கேட்டாள்.

ஜூன் இருபத்தொன்று. ஊர் முழுவதும் தெருவில் பாட்டு வைக்கும் நாள். முதலாளியிடம் கேட்டு, சலவைக் கடை வாசலில் மேசை போட்டாள். மெலானி தன் காரில் எல்லாவற்றையும் ஏற்றி வந்திருந்தாள். யூலியன் வயர் சுற்றினான். இரவு எட்டு மணிக்கும் பொன்னாக வெயில். பக்கத்து முற்றத்தில் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து ஆடிப் பழகும் இளையவர்கள் பொங்கோவைக் கேட்டு வந்தார்கள். ஒருத்தி கையை ஊன்றிக் காலை வீசினாள். சனம் வட்டம் கட்டியது. பிரியதர்சினி தட்டைப் பின்னுக்கு இழுத்தாள், விட்டாள், மற்றதை இழுத்தாள். முள் வழுக்கவில்லை.

அந்த நேரம் சேலை எடுக்க வந்தாள் கௌரி. கடைக்கு வருகிறவர்களில் ஒருநாளும் சிரிக்காதவள். பொலித்தீன் மூடிய பட்டுச்சேலையைத் தொங்கவிடும் கொழுவியோடு வாங்கியவள், வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு சேலையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்து, தோளை ஆட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். பொலித்தீனில் வெயில் ஓடியது. ஆடிக்கொண்டிருந்த பெண் ஒதுங்கி வழிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். கௌரி சிரித்தாளா என்பதைப் பிரியதர்சினியால் பார்க்க முடியவில்லை. தட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் மேளம் அறுந்துவிடும்.

திரும்பும் வழியில் காருக்குள் யூலியன் கேட்டான்: "அந்தத் துண்டு எவ்வளவு நேரம் போனது?"

"தெரியாதப்பா."

"நானும் பாக்கேல்லை" என்றான் அவன்.

இப்போதும் கிழமை நாட்களில் அவள் சேலைகளுக்கு ஆவி கொடுக்கிறாள். போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாடு முடிந்து சனம் மந்தமாக இருந்த நேரம், யூலியன் பாட்டுப் போடும் கணினியை மூடிவிட்டு மேசையிலிருந்து விலகி நின்றான்.

"நீர் வாரும்" என்றான்.