எந்தக் கடல் அமைதி?

ரேடியோவில் பிழையில்லை. அதைப் பாதி கேட்டு எங்களைக் கடலுக்கு அனுப்பிய முதலாளியில்தான் பிழை.

மாரி காலம். தோணி தள்ள நின்ற என்னிடமும் மச்சானிடமும் வந்து, "கடல் அமைதியெண்டு ரேடியோவில சொல்லியாச்சு, போங்க" என்றார். நம்பிப் போனோம். சாய்ந்தமருதுக் கரை மறையுமுன்னே காற்று பிடித்தது. வலையை அறுத்துவிட்டு, அல்லாஹ்வின் காவலால் நிந்தவூரில் உயிரோடு கரையேறினோம்.

தேநீர்க் கடையில் அதே செய்தியைக் கேட்டவர்கள், அமைதி என்றது கொழும்புப் பக்கக் கடலை என்றார்கள். எங்கள் கிழக்குப் பக்கத்துக்குப் பலத்த காற்றென்றே வாசித்தார்களாம். முதலாளியிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரே கடல்தானே தம்பி. வலை எங்க?" என்றார்.

இப்போது எந்தப் பக்கத்துக்கு என்று நானே போய் ரேடியோவை முழுதாகக் கேட்கிறேன். கேட்க முடியாத நாளில் அவர் செய்தி கொண்டுவந்தால், "ஏறுங்க முதலாளி, முன்னுக்கு அணியத்தில இடமிருக்கு" என்பான் மச்சான். அவர் ஏறாவிட்டால் நாங்களும் ஏறுவதில்லை.